ஐந்து மூட்டை யூரியா போட்டும் நெல் ஏன் கூடவில்லை?

கேள்வியின் சுருக்கம் இது. மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் களிமண் வயல். சம்பா நடவு, அது முடிந்ததும் உளுந்து. அப்பா காலத்தில் ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியாவில் 34 மூட்டை நெல் கண்ட வயல். இப்போது ஐந்து மூட்டை போட்டும் 27-ஐத் தாண்டவில்லை. போன வருடம் பயிர் சாய்ந்தது, இலைச்சுருட்டுப் புழுவும் வந்தது. மாடுகளை விற்றுப் பத்து வருடம் ஆகிறது. வைக்கோலை இயந்திரம் வைத்து உருட்டிக் கட்டுபவர்களுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். அடியுரமாக ஏக்கருக்கு இரண்டு மூட்டை டி.ஏ.பி. (மணிச்சத்து மிகுந்த உரம்) போடுவது வழக்கம், சாம்பல்சத்து தரும் பொட்டாஷ் போட்டதில்லை. மண் பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்கள்: கார அமில நிலை 8.1, உப்பின் நிலை 0.4, கரிமச்சத்து 0.38 சதவீதம், தழைச்சத்து (நைட்ரஜன்) 190, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 34, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 150, துத்தநாகம் 0.7. உரக்கடையில் இன்னொரு மூட்டை டி.ஏ.பி. போடச் சொல்கிறார்கள். இயற்கை விவசாயம் செய்யும் நண்பர் உரத்தையே தொடாதே, சாணமும் கோமியமும் கரைத்து ஊறவைக்கும் ஜீவாமிர்தம் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

தம்பி, இந்த வருடம் இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் சீட்டைக் கேளுங்கள். அது உங்கள் வயலின் பத்து வருட வரவு செலவை அப்படியே சொல்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். சீட்டில் தழை, மணி, சாம்பல் மூன்றும் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் இருக்கும். நாம் ஏக்கரில் யோசிக்கிறோம். இரண்டரையால் வகுத்துக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் பரிந்துரையை அப்படியே ஏக்கருக்குப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, எண்களுக்கு வருவோம். கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேலே இருந்தால் நல்ல வளம். உங்களுடையது 0.38. தழைச்சத்து 280-க்குக் கீழே குறைவு; உங்களுக்கு 190. மணிச்சத்து 22-க்கு மேலே போனாலே அதிகம், உங்களுக்கு 34. சாம்பல்சத்து 118-லிருந்து 280 வரை நடுத்தரம். 150 என்பது அதில் கீழ்ப்படி. துத்தநாகத்துக்குத் தமிழ்நாட்டு மண்ணில் 1.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1.2 பங்கு) என்ற அளவை வைத்திருக்கிறார்கள்; அதற்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. உங்களுக்கு 0.7.

இதைச் சேர்த்துப் படித்தால் கதை தெளிவாகத் தெரியும். இரண்டு மூட்டை டி.ஏ.பி. என்றால் 46 கிலோ மணிச்சத்து. ஏக்கருக்குப் பொதுப் பரிந்துரையே 20 கிலோதான். மிச்சமெல்லாம் வருடா வருடம் மண்ணில் போய்ப் படிந்திருக்கிறது. மணிச்சத்து யூரியா மாதிரி காற்றில் போகாது, தண்ணீரோடும் லேசில் ஓடாது. அங்கேயேதான் இருக்கிறது. மறுபக்கம் சாம்பல்சத்து போட்டதே இல்லை, ஆனால் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். எருவும் தழையும் நின்று பத்து வருடம் ஆகிறது, அது கரிமச்சத்தில் தெரிகிறது. இந்த நிலையில் இன்னொரு மூட்டை டி.ஏ.பி. என்பது நிரம்பி வழியும் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. அதைவிட மோசம் என்றே சொல்வேன், ஏனென்றால் மணிச்சத்து மிஞ்சினால் பயிர் துத்தநாகத்தை எடுப்பது இன்னும் குறையும். உங்கள் மண்ணில் ஏற்கெனவே துத்தநாகம் பற்றவில்லை, காரமும் இருக்கிறது, தண்ணீரும் நிற்கிறது. மூன்றுமே துத்தநாகத்துக்கு எதிரி.

நடவு செய்து இரண்டு மூன்று வாரத்தில் வயலில் அங்கங்கே திட்டுத்திட்டாகப் பயிர் குட்டையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குத்தைப் பிடித்துக் கீழ் இலையைப் பாருங்கள். துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் இருக்கும். இளம் இலையின் அடிப்பக்கம் நடுநரம்பு வெளுத்திருக்கும். பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்ததும் 'தழைச்சத்து பத்தவில்லை' என்று யூரியாவை வீசுவார்கள். அங்கேதான் மூன்றாவது மூட்டை நான்காகி, நான்கு ஐந்தாகிறது. பயிர் கேட்டது ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்.

இப்போது வைக்கோல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், டெல்டாவில் இன்றைக்கு யாரும் கணக்குப் பார்க்காத செலவு இதுதான். நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு மணிக்குப் போவதில்லை, வைக்கோலில்தான் நிற்கிறது. ஒரு டன் வைக்கோலில் 15-லிருந்து 20 கிலோ சாம்பல்சத்து இருக்கும். உங்கள் வயலில் ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் தாராளமாக வரும். அப்படியென்றால் 30, 40 கிலோ சாம்பல்சத்து லாரியில் ஏறிப் போகிறது. ஒரு மூட்டை பொட்டாஷில் இருப்பது 30 கிலோ. ஆக ஒவ்வொரு அறுவடையிலும் ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கு மேல் பொட்டாஷை வைக்கோலோடு சேர்த்து விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அப்பா காலத்திலும் வைக்கோல் வயலை விட்டுப் போனது. ஆனால் வீட்டுப் போருக்குப் போனது, மாட்டுக்குப் போனது, குப்பையாகத் திரும்பி வந்தது. இப்போது போவது மட்டும் நடக்கிறது, வருவது நின்றுவிட்டது.

போன வருடம் பயிர் சாய்ந்ததும் புழு வந்ததும் இதன் மறுபக்கம்தான். தழைச்சத்து மிஞ்சி, சாம்பல்சத்து குறைந்த பயிர் பச்சைப் பசேலென்று பார்க்க அழகாக இருக்கும். தண்டில் வலு இருக்காது. இலை மெத்தென்று இருப்பதால் புழுவுக்கும் பூஞ்சாணத்துக்கும் கொண்டாட்டம். மருந்துச் செலவையும் யூரியா கணக்கில்தான் எழுத வேண்டும்.

வைக்கோலை விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுவடை நேரத்தில் கையில் வரும் ரொக்கம் அது, அதன் அருமை தெரியும். ஒரு ஏற்பாடு செய்யலாம். மூன்று ஏக்கரில் வருடத்துக்கு ஒரு ஏக்கராக, ஏக்கரை மாற்றி மாற்றி, வைக்கோலை வயலிலேயே விடுங்கள். மற்ற இரண்டில் விற்றால், அந்தப் பணத்தில் ஏக்கருக்கு ஒரு மூட்டை பொட்டாஷ் விலையை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். எரிப்பது மட்டும் கூடாது. எரித்தால் கரிமமும் தழைச்சத்தும் மொத்தமாகப் புகையாகிவிடும், மிஞ்சுவது சாம்பல்தான்.

அடுத்தது கரிமச்சத்து. யூரியாவைக் கூட்டக் கூட்ட ஏன் பயன் குறைகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு உரம் போட்ட வயலாக இருந்தாலும், நெற்பயிர் எடுக்கும் தழைச்சத்தில் பாதியளவாவது மண்ணிலிருந்துதான் வருகிறது. மக்கிய பொருளை நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து, பயிருக்கு வேண்டிய நேரமெல்லாம் ஊட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் வீசும் யூரியா அதற்குத் துணை, அவ்வளவுதான். உங்கள் மாதிரி காரத்தன்மை உள்ள வயலில், தேங்கிய தண்ணீரில், மத்தியான வெயிலில் யூரியாவை வீசினால் நல்ல பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போகும். பயிருக்குப் போய்ச் சேர்வது மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் கொஞ்சம் கூட. மண்ணின் சொந்த இருப்பு குறைந்த பிறகு, அந்த ஓட்டையை யூரியாவால் அடைக்கப் பார்த்தீர்கள். அடைபடவில்லை.

கரிமத்தை உயர்த்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏக்கரில் மேல்மண் ஒரு சாண் ஆழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது 15 சென்டிமீட்டர் எடுத்தால் எடை சுமார் 9 லட்சம் கிலோ. அதில் 0.38 சதவீதம் என்றால் சுமார் 3,400 கிலோ கரிமம். இதை 0.5-க்குக் கொண்டுவர இன்னும் ஆயிரம் கிலோவுக்கு மேல் கரிமம் மண்ணில் தங்க வேண்டும். ஐந்து டன் தொழுஉரம் போட்டால், பாதி ஈரம் போக இரண்டரை டன். அதில் கரிமம் தோராயமாக 750 கிலோ. நம் ஊர் வெயிலில் ஒரு வருடத்துக்குள் அதில் பெரும்பகுதி மூச்சாகக் காற்றில் போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு தங்கினால் 150 கிலோ. ஆக, வருடா வருடம் விடாமல் ஐந்து டன் போட்டாலும் ஏழெட்டு வருடம் ஆகும். யாராவது ஒரு பாட்டிலைக் காட்டி மூன்று மாதத்தில் கரிமத்தை ஒன்றுக்குக் கொண்டுவருகிறேன் என்றால் இந்தக் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் 0.5 வரும்வரை பயன் வராது என்று பயப்படவும் வேண்டாம். போன வருடம் போட்ட எரு மக்கும்போது வெளிவிடும் சத்துதான் இந்த வருடப் பயிருக்குச் சோறு. அளவுகோலில் எண் ஏறுவதற்கு முன்பே வயலில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். கோடை உழவில் கட்டி சுலபமாக உடையும், உளுந்து வேர் ஆழமாக இறங்கும்.

உங்கள் தாத்தா காலத்து வயலோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. அன்றைக்குக் காவிரி வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து வயலில் இறக்கும். 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்குகிறது. ஆற்றுத் தண்ணீர் வருகிறது, அதோடு வந்த உரம் குறைந்துபோனது. அணையைக் குறை சொல்லவில்லை. ஆறு செய்துகொண்டிருந்த ஒரு வேலை நம் தலையில் வந்து விழுந்தது, அதை நாம் கவனிக்காமலே விட்டோம்.

அப்படியானால் என்ன செய்வது? ஏக்கருக்கு ஐந்து டன் தொழுஉரம் என்று பரிந்துரையில் இருக்கும். ஒரு மாடு வருடம் முழுக்கப் போடும் சாணம் மக்கிய பிறகு இரண்டு டன் தேறினால் பெரிது. ஆக ஏக்கருக்கு இரண்டு மூன்று மாடு வேண்டும். உங்களிடம் ஒன்றுகூட இல்லை. விலை கொடுத்து வாங்கி, டிராக்டர் வாடகை கொடுத்து மூன்று ஏக்கருக்கும் வருடா வருடம் அடிப்பது கட்டுப்படியாகாது. அதனால் உங்களுக்கு முதல் வழி தக்கைப்பூண்டு; வளர்த்துப் பச்சையாகவே மண்ணுக்குள் மடக்கி உழும் பசுந்தாள் உரச் செடி.

கோடை மழை ஒன்று கிடைத்ததும், அல்லது ஜூனில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், ஏக்கருக்கு 20 கிலோ விதையை வீசிவிடுங்கள். சம்பா நடவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது, வயல் சும்மாதான் கிடக்கிறது. 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதைக்கு மானியம் உண்டு. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் நேரத்துக்குக் கிடைக்கும். ஒரு மாதம் போனதும் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரைப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருக்கும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் கலந்த மாதிரி இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அடுத்த முறை ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிரைக் கலந்து விதைக்க வேண்டும்.

மடக்கி உழும் நேரம் முக்கியம். 40-லிருந்து 45 நாள், பூ எடுக்கத் தொடங்கும் சமயம். தண்டை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் சரியான பதம். நார் இழுத்தால் பிந்திவிட்டீர்கள், மக்க நாளாகும். ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலத்தில் அறுத்து எடை போடுங்கள். ஒன்றரைக் கிலோ இருந்தால் ஏக்கருக்கு ஆறு டன். அதில் 30 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து இருக்கும், பாதியாவது இந்த சம்பாவுக்கே கிடைக்கும். மடக்கியபின் ஒரு வாரம் பத்து நாள் விட்டு நடுங்கள். களிமண்ணில் உடனே நட்டால் அழுகும்போது வரும் வாயு இளம் வேரைச் சுட்டுவிடும். சேற்றில் கால் வைத்தால் குமிழி வந்து முட்டை அழுகிய நாற்றம் அடித்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள், தண்ணீரை ஒருமுறை வடித்து வையுங்கள்.

இரண்டாவது வழி ஆட்டுக்கிடை, அதாவது ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைத்து வைப்பது. அறுவடைக்குப் பிறகு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையோடு உங்கள் பக்கம் வருவார்கள். 'ஆடு பயிர் காட்டும், ஆவாரை கதிர் காட்டும்' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆட்டுப் புழுக்கையில் மாட்டுச் சாணத்தைவிடச் சத்து அடர்த்தி அதிகம், மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கிவிடுகிறது. கிடை பெயர்ந்ததும் லேசாக உழுது மூடிவிட வேண்டும். கோடை வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் தழைச்சத்தில் நல்ல பங்கு ஆவியாகிவிடும். உளுந்து அறுத்த பிறகு ஒரு ஏக்கருக்காவது கிடைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

குப்பை வாங்குவதாக இருந்தால், குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடு இருக்கக் கூடாது. சாண வாடை போய் மழை பெய்த மண் வாடை வர வேண்டும். வைக்கோல் வைக்கோலாகத் தெரிந்தால் அது இன்னும் மக்கவில்லை. மக்காத பொருளை மண்ணில் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடத்துக்கு முன் கத்தரித் தோட்டத்தில் பச்சைத் தென்னை நார்க்கழிவைக் கொட்டிக் கொத்திவிட்டேன். கரிமம்தானே, நல்லதுதானே என்று நினைப்பு. மூன்றாவது வாரம் செடியெல்லாம் மஞ்சள். அந்த நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம். அதைச் சிதைக்க வந்த நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டன, செடிக்கு எதுவும் மிஞ்சவில்லை. நன்றாக மக்கிய எருவில் இந்த விகிதம் இருபதுக்கு ஒன்று அளவில் இருக்கும். நெல் வைக்கோலில் எழுபது எண்பதுக்கு ஒன்று. அதனால் வைக்கோலை வயலில் விடும் ஏக்கரில், தண்ணீர் விட்டு மடக்கும்போது பத்து கிலோ யூரியாவைத் தூவி, மூன்று வாரமாவது மக்க விடுங்கள். அந்த ஏக்கரில் தக்கைப்பூண்டையும் சேர்த்து மடக்கினால் யூரியாகூட வேண்டாம். பூண்டின் தழைச்சத்தே வைக்கோலை மக்க வைத்துவிடும்.

கோழி எரு, சர்க்கரை ஆலைக் கழிவுமண் இரண்டும் நல்ல பொருள்கள்தான், ஆனால் மணிச்சத்து அதிகம். உங்களுக்கு இப்போது வேண்டாம். மண்புழு உரம் மூன்று ஏக்கர் நெல்லுக்கு விலை கட்டாது, நாற்றங்காலுக்குப் போடுங்கள். ஏரி வண்டலுக்கு வட்டாட்சியர் அனுமதி வாங்கலாம், ஆனால் அது செம்மண், மணற்பாங்கு நிலத்துக்குத்தான் அருமருந்து. களிமண்ணில் இன்னும் களியைக் கொட்ட வேண்டாம்.

நண்பர் சொல்லும் ஜீவாமிர்தத்துக்கு வருகிறேன். இயற்கை வழியில் போகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. தமிழ்நாட்டில் எரு, பலதானிய விதைப்பு, மூடாக்கு என்று திரும்பவும் பேச வைத்தது நம்மாழ்வார் ஐயா போன்றவர்கள் ஊர் ஊராக நடந்ததால்தான். ஆனால் கணக்கைக் கணக்காகப் பார்க்க வேண்டும். 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ. இவை எல்லாவற்றிலும் இருக்கும் தழைச்சத்தைக் கூட்டினால் கால் கிலோவை ஒட்டித்தான் வரும். உங்கள் சம்பாவுக்கு வேண்டியது 60 கிலோ. ஜீவாமிர்தம் நுண்ணுயிர்களைக் கிளப்பிவிடும், மண்ணில் மக்கு நிறைய இருந்தால் அதைச் சமைத்துப் பயிருக்குக் கொடுக்கும். 0.38 இருக்கும் வயலில் சமைக்க அரிசி எங்கே இருக்கிறது? முதலில் மக்கைச் சேர்க்க வேண்டும். ஐந்தாறு வருடம் சேர்த்த பிறகு நண்பர் வழிக்கு முழுவதும் போக நினைத்தால், அப்போது அது நடக்கக்கூடிய காரியம். இந்த ஆடியிலேயே உரத்தை நிறுத்தினால் 27 மூட்டையும் நிற்காது.

ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தோம். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் அங்கே முக்கியப் பருவமான பெரும்போக நெல்லுக்கு உரம் போட வேண்டிய காலம் கைவிட்டுப் போய், விளைச்சல் பலமாகச் சரிந்தது. அடிபட்டது சின்ன விவசாயிகள். எருவும் பசுந்தழையும் அந்த அளவுக்குத் தயாராக இல்லாத நிலத்தில் உரத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிராக, பொறுமையாகப் பார்க்கப்பட்ட சாட்சி நம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-இல் ஒரு நிரந்தர உரச் சோதனை வயலைத் தொடங்கினார்கள். ஒரு பாத்திக்கு ஒன்றுமே இல்லை, ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்குத் தழை மணி சாம்பல் மூன்றும், ஒன்றுக்குத் தொழுஉரம் என்று வருடா வருடம் அதே பாத்திக்கு அதே உரம். 1972-இல் இன்னொரு நீண்டகாலச் சோதனை தொடங்கியது; அதில் மூன்று சத்தோடு தொழுஉரமும் சேர்ந்த பாத்தி இருக்கிறது. தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்திகள் பின்தங்கின. மூன்று சத்தும் தொழுஉரமும் சேர்ந்து பெற்றவை விளைச்சலிலும் கரிமச்சத்திலும் முன்னால் நின்றன. இன்னொன்றும் அதில் கவனிக்க வேண்டும். மூன்று சத்தையும் அளவாகப் பெற்ற பாத்தியில், எரு போடாமலே, ஒன்றும் போடாத பாத்தியைவிடக் கரிமம் நன்றாக இருந்தது. பயிர் செழித்தால் வேரும் தாளும் அதிகம், அது மண்ணுக்கே திரும்புகிறது. உரம் போட்டால் மண் செத்துவிடும் என்பதும் சரியில்லை, உரம் மட்டும் போதும் என்பதும் சரியில்லை. மண்ணைக் கெடுத்தது ஒரே சத்தைக் கொட்டியதும் எடுத்ததைத் திருப்பாததும்தான்.

இனி இந்த சம்பாவுக்கு ஏக்கர் கணக்கு. தக்கைப்பூண்டு ஆறு டன் அளவுக்கு மடக்கியிருந்தால் அடியுரத்தில் யூரியா வேண்டாம், டி.ஏ.பி.யும் வேண்டாம். சூப்பர் பாஸ்பேட் ஒரு மூட்டை போதும். எட்டு கிலோ மணிச்சத்தோடு கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் வரும். கூடவே பொட்டாஷ் 25 கிலோ. நுண்ணுயிர் உரங்களான அசோஸ்பைரில்லம் நான்கு பாக்கெட், பாஸ்போபாக்டீரியா நான்கு பாக்கெட் இரண்டையும் பத்து கிலோ தூள் எருவில் கலந்து தூவுங்கள். மண்ணில் அடைந்து கிடக்கும் மணிச்சத்தை அசைத்துக் கொடுக்க அந்தப் பாக்டீரியா உதவும், உங்களுக்கு அது வீண்செலவு இல்லை. துத்தநாக சல்பேட் பத்து கிலோவை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்குச் சற்று முன் சேற்றின் மேல் தூவுங்கள். அதைச் சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே பயிருக்கு எட்டாமல் போகும்.

யூரியா மொத்தம் இரண்டு மூட்டை, 45 கிலோ மூட்டை. தூர் கட்டும்போது 30 கிலோ, கதிர் உருவாகும்போது 30 கிலோ, கதிர் வரும் சமயம் 30 கிலோ. கதிர் உருவாகும் தருணத்தில் மீதி 25 கிலோ பொட்டாஷையும் சேர்த்துக் கொடுங்கள். சாயாமல் நிற்க அது கைகொடுக்கும். ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்து, சேறு தெரியும்போது சாயங்காலமாகப் போட்டு, மறுநாள் தண்ணீர் வையுங்கள். பூண்டு சரியாக வராமல் போனால் அடியில் ஒரு மூட்டை யூரியாவைச் சேர்த்து மூன்றாக்குங்கள். ஐந்துக்கு எந்த நிலையிலும் போக வேண்டாம்.

நாள் கணக்கைவிட இலை வண்ண அட்டை நல்ல வழிகாட்டி; எண் போட்ட பச்சை நிறப் பட்டைகளோடு இலையை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை அது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெயிலுக்கு முதுகைக் காட்டி உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று பாருங்கள். முழுசாக விரிந்த இளம் இலையில் பத்து இடத்தில் பார்க்க வேண்டும். ஆறு இலையோ அதற்கு மேலோ நான்காம் எண்ணுக்குக் கீழே இருந்தால் 25 கிலோ யூரியா, இல்லாவிட்டால் அந்த வாரம் வேண்டாம். வெள்ளைப் பொன்னி என்றால் மூன்றாம் எண். அதன் இலையே வெளிர் நிறம்தான், நான்கை வைத்துப் பார்த்தால் தேவையில்லாமல் யூரியா போட்டுச் சாய்த்துவிடுவீர்கள்.

உளுந்தை விட்டுவிடாதீர்கள். அது உங்கள் வயலுக்குக் கிடைத்த பெரிய கொடுப்பினை. அறுவடைக்கு ஒரு வாரம் முன், மண் ஈரமாக மெழுகுபதத்தில் இருக்கும்போது விதைக்கும் உளுந்து, கதிர் அறுக்கும் இயந்திரத்தின் தடத்தில் நசுங்கிப் போகிறது என்பது எனக்கும் தெரியும். வயல் நன்றாகக் காய்ந்த பிறகு இயந்திரத்தை இறக்கச் சொல்லுங்கள். உளுந்துக் காயைப் பறித்த பிறகு செடியை வேரோடு பிடுங்கி வரப்பில் போடாமல் வயலிலேயே விடுங்கள்.

அடுத்த மண் மாதிரியை இரண்டு வருடம் கழித்து, இதே மாதத்தில், உளுந்து அறுத்த பிறகு எடுங்கள். வரப்பு ஓரம், மரத்தடி, குப்பை கொட்டிய இடம், வாய்க்கால் மடை இவற்றை விட்டு, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைக் கழித்துக் கழித்து அரைக் கிலோ ஆக்குங்கள். நிழலில் உலர்த்துங்கள். உரச் சாக்கில் மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் உரமே சீட்டை மாற்றிவிடும்.

கடைசியாக ஒன்று. மூன்று ஏக்கரில் ஒரு ஓரமாக ஐந்து சென்ட் ஒதுக்கி வரப்புக் கட்டி, அங்கே மட்டும் உங்கள் பழைய முறையிலேயே போடுங்கள். அறுவடை அன்று அந்த ஐந்து சென்ட் நெல்லையும், பக்கத்தில் அதே மண்ணில் புதிய முறையில் விளைந்த ஐந்து சென்ட் நெல்லையும் ஆள் விட்டு அறுத்துத் தனித்தனியாகத் தூற்றி எடை போடுங்கள். இரண்டு எடையையும், இரண்டுக்கும் ஆன உர, மருந்துச் செலவையும் எழுதி அனுப்புங்கள். அதை வைத்து அடுத்த வருடக் கணக்கைப் போடலாம்.